எஞ்சின் அணைத்த ஞாயிறுகள்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டேன், தலை சுற்றியதா, தூங்கினேனா என்று. அவர் படிக்க மாட்டாராம், எழுதினால் எனக்கே நல்லதாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை.

காலை இட்லி. தலை சுற்றவில்லை.

போன மாதம் ஏரி முனையில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே மயங்கிப்போய், வண்டியை ஒரு பெட்டிக்கடைத் தட்டியில் செருகிவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. அதற்குத் தண்டனை, செப்டம்பர் வரை வண்டியைத் தொடக் கூடாது. இந்த ஏற்காட்டில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். மாதேஸ்வரன் டிரைவிங் ஸ்கூல் என்றால் சேலம் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுந்து நிற்பார்கள். சரி, எழுந்து நிற்க மாட்டார்கள், ஆனால் தெரியும். இப்போது நான் பக்கத்து சீட்டுக்காரன்.

டிரைவர் சீட்டில் என் மனைவி இந்திராணி. ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். அதுவும் என்னிடம் கற்கவில்லை. சேலத்தில் ஒரு பெண்மணி நடத்தும் ஸ்கூலில் போய்க் கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க கத்துவீங்க" என்றாள். அல்வாக் கடைக்காரன் பெண்டாட்டி பக்கத்துக் கடையில் அல்வா வாங்கின மாதிரி ஊர் சிரித்தது.

அவள் நர்ஸ். எஸ்டேட் ஆஸ்பத்திரியை மூடிய பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். இன்று முதல் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குத் தலைமை நர்ஸ். காலையில் போக வேண்டிய நேரத்துக்குப் பஸ் ஒத்துவராது. வண்டி இருந்தால்தான் இந்த வேலை என்று அவளே சொன்னாள். விடியும் முன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வண்டியை எடுத்துப் போனாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

ரத்தப் பரிசோதனைக்கு அவளோடு சேலம் போனேன்.

எங்கள் வண்டி கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மகன் கௌதமன் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கித் தந்தது. கியர்க் குச்சியை 'டி'யில் போட்டால் தானாக ஓடும். 'எல்'லில் போட்டால் கீழ்க் கியரிலேயே நின்று, இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மலையில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததுமே இவள் குச்சியை எல்லுக்கு இழுத்தாள். எஞ்சின் கழுத்து அறுபட்ட ஆடு மாதிரி கத்தியது.

"எதுக்கு இப்படிக் கத்த விடற? டி-ல போடு. பிரேக் எதுக்கு இருக்குது?"

"இறக்கத்துல எல்-லதான் போகோணும்னு சொல்லிக் குடுத்தாங்க. வண்டியோட வந்த புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்குதுங்க."

"புத்தகம் எழுதினவன் ஏற்காடு வந்திருக்கானா?"

"நீங்களும் உங்க ஸ்கூல்ல இறக்கத்துக்கு ரெண்டாவது கியர்னுதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது கிளட்ச் வண்டி. இரும்புப் பல்லு. இது பச்சப்புள்ள மாதிரி. உள்ள எண்ணெயும் பட்டையும்தான். நீ இப்படிப் புடிச்சு இழுத்தா ஆறு மாசத்துல கியர்பாக்ஸ் கையில வந்துரும்."

 அடிவாரம் வரை எல்லிலேயே வந்தாள். பிரேக்கை அங்கங்கே லேசாகத் தொட்டாள், அவ்வளவுதான். நான் என் பக்கத்துத் தரையை மிதித்து மிதித்து வலது கால் வலிக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானம் கோழிக் குழம்பு. இந்திராணி வாரம் முழுக்க அலைந்த களைப்பில் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

எங்கள் வாசல் சரிவு. எஞ்சின் போடாமலே வண்டி தெருமுனை வரை சத்தமில்லாமல் உருளும். உருண்டது. தொட்டுப் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் தெருமுனையில் நின்றால் மலைச் சாலை தெரிகிறது.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவது அம்பாசிடர் காலத்திலிருந்து என் பழக்கம். மாணவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அது பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு மட்டும். சாவியை ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீரிங் கனக்கும், பிரேக் கல்லாக இறுகும், காலில் பலம் வேண்டும். எனக்கு இருக்கிறது. காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. பெட்ரோலும் மிச்சம். அடிவாரத்தில் ஒரு இளநீர் குடித்துவிட்டு மேலே வந்தேன். இந்திராணி அப்போதுதான் புரண்டு படுத்தாள்.

தலை சுற்றவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

போன வாரம் போலவே.

ஒன்று தோன்றியது. ஆறு நாள் அவள் அந்தக் கியர்பாக்ஸை எல்லில் போட்டு வதைக்கிறாள். ஏழாம் நாள் நான் அதற்கு ஓய்வு கொடுக்கிறேன். எஞ்சினே ஓடாதபோது கியர்பாக்ஸுக்கு என்ன வேலை? சும்மா கிடக்கும்.

ஜூன் 21, வெள்ளி

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கீழே பதினோரு நர்ஸுகளாம். "மேடம், மேடம்னு கூப்புடறாங்க" என்று சிரித்தாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

போனேன், வந்தேன். இறங்கும்போது நாற்பதடிப் பாலத்துக்கு மேலே ஒரு நிமிடம் கண் இருட்டின மாதிரி இருந்தது. வெயில்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று திரும்பி ஏறும்போது எஞ்சின் சத்தம் போடுகிறது, வண்டி யோசித்து யோசித்துத்தான் நகர்கிறது. கியர் வழுக்குகிறது. எனக்குத் தெரியும் இது என்ன என்று. எல்லில் போட்ட வினை. இரவு அவளிடம், "வண்டி எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமை ஏத்தத்துல கொஞ்சம் தடுமாறுச்சுங்க. பட்டறையில காட்டலாமுங்களா?"

"நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்றேன். எத்தனை நாளாக இந்த வாக்கியத்தைச் சொல்லக் காத்திருந்தேனோ, சொன்னதும் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15, திங்கள்

வண்டி நின்றுவிட்டது. சாயங்காலம் சேலத்திலிருந்து ஏறி வரும்போது பாதி மலையில், மழையில். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. அவளே நியூட்ரலில் போட்டுப் பின்னால் உருட்டி ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, காய்கறி வண்டியில் ஏறி வந்து சேர்ந்தாள். புடவை சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள்.

"வண்டிய எங்க விட்ட?" என்றுதான் முதலில் கேட்டேன். நீ நனைஞ்சிருக்கியே என்று கேட்டிருக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

பஸ்ஸில் சேலம் போனேன். இழுவை வண்டியில் ஏற்றி வந்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில் போட்டிருக்கிறார்கள். முதலாளி பெயர் யூசுப். என்னைவிட வாய் நீளம். கியர்பாக்ஸைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். எண்ணெய் தார் மாதிரி இருந்தது, தேய்த்துப் பார்த்தால் விரலில் இரும்புத் தூள்.

"எல்-ல போட்டு ஓட்டினதாலதானே?" என்றேன்.

"யாரு சொன்னா? எல்-ல போட்டா இந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது சார். அதுக்காகத்தான் அந்தக் கியரே வெச்சிருக்கான். தொண்ணூறுல போறப்ப எல்லுக்கு இழுத்தாத்தான் தப்பு. மலையில மெதுவாப் போறப்ப என்ன? மிஞ்சிப்போனா எஞ்சின் சத்தம் போடும், அவ்வளவுதான்."

"அப்ப இது?"

"இது எண்ணெய் இல்லாம எரிஞ்சது. எஞ்சின் ஓடினாத்தான் சார் உள்ள பம்ப் ஓடும், பம்ப் ஓடினாத்தான் எண்ணெய் சுத்தும். எஞ்சின அணைச்சுட்டு சக்கரத்த மட்டும் சுத்த விட்டா உள்ள எல்லாம் காஞ்சு ஒராயும். யாராச்சும் கயிறு கட்டி ரொம்ப தூரம் இழுத்தாங்களா? இல்ல, மலையில அணைச்சு விட்டு எறங்கற பழக்கமா? பழைய டிரைவருங்க செய்வாங்க. யாரு சார் ஓட்டறது?"

"என் வீட்டுலதான் ஓட்டறாங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு வந்தேன்.

ஓசூரிலிருந்து கௌதமன் போன் செய்தான். செலவுத் தொகையை இரண்டு தடவை சொல்லச் சொன்னான். பிறகு, "எதனால ஆச்சாம்ப்பா?" என்றான்.

"ஓட்டின விதம்தானாம்" என்றேன்.

"அப்ப நீங்க சொன்ன மாதிரியேதான். அம்மாகிட்ட அத்தன தடவ சொன்னீங்களே."

நான் பொய் சொல்லவில்லை. ஓட்டின விதம்தான். யார் ஓட்டினது என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இந்திராணி மன்னிப்புக் கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே, நிமிராமல். "என்னாலதானுங்க. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கோணும்."

"விடு. எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டா பொறக்கறாங்க?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள். இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

பஸ்ஸில்தான் போய் வருகிறாள். தினமும் தாமதம். தியேட்டரில் இவள் போவதற்குள் முதல் இரண்டு ஆபரேஷன் முடிந்துவிடுகிறதாம்.

இன்று கையில் பச்சைக் குடை. வண்டிக்குள் கிடந்ததாம், பட்டறைக்குப் போய் எடுத்து வந்திருக்கிறாள். அடை சுட்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "யூசுப் பாய் வேற ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்வாரு? பார்ட்ஸ் வரோணும்னாரு."

"அதில்லீங்க. எதனால போச்சுன்னு."

"அதான் சொன்னனே."

"செரிங்க" என்று எழுந்து போனாள். அடை ஒரு பக்கம் கருகிவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

வண்டி இல்லாத ஞாயிறு. தெருமுனை வரை நடந்து போய், திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கௌதமன் மனைவியோடு வந்திருந்தான். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு என்று ஐந்து வகை செய்திருந்தாள் இந்திராணி. இலையில் உட்கார்ந்தபடி மகன் சொன்னான்: "அம்மா, வண்டி வந்ததுக்கப்புறம் நீங்க அதத் தொட வேண்டாம். கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவ இந்தச் செலவு என்னால ஆகாது. அப்பா ஓட்டட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கையில் தயிர்சோற்றுக் கரண்டியை வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் வரவேண்டிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்க என்னங்க சொல்றீங்க? எனக்கு ஓட்டத் தெரியாததாலதான் கெட்டுப்போச்சுங்களா?"

மகனும் மருமகளும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. முப்பது வருடம் ஸ்கூல் நடத்தியவன், மருமகள் முன்னால், இலையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

"அவன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றேன்.

தயிர்சோறு நன்றாக இருந்தது. மாங்காய்த் துண்டு போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவளைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்னால் சீட்டுப் போடும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்களாம். இனி யாரும் மேடம் என்று கூப்பிட மாட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 

"இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? வேலைய விட்டுரு" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

"பாத்துக்கலாமுங்க."

விட்டுவிடுவாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "என்கிட்டச் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என்ன இருக்குது?"

"சும்மா கேட்டேங்க."

எதற்கு இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதுகிறேன். தலை சுற்றவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டர் விடுதலை கொடுத்தார். "ஓட்டலாம், ஆனா மெதுவா" என்றார். பட்டறையிலிருந்து வண்டியையும் எடுத்தேன். யூசுப் சாவியைக் கொடுக்கும்போது, "எல்-ல போட்டே எறங்குங்க சார். எஞ்சின மட்டும் அணைக்காதீங்க" என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

செப்டம்பர் 14, சனி

தனியாகச் சேலம் போய் மருந்து வாங்கி வந்தேன். இறங்கும்போது எல்லில் போட்டேன். வண்டி யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரி அடக்கமாக இறங்கியது. பிரேக்குக்கு வேலையே இல்லை. சத்தமும் அப்படியொன்றும் பெரிதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அப்படிக் கேட்டிருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இந்திராணி, "சேலத்துல கொண்டுபோய் விடறீங்களா?" என்று கேட்டாள். கையில் பெரிய பை. ஆஸ்பத்திரித் துணிகளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள், கணக்கு முடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நெடுநாளைக்குப் பிறகு நான் டிரைவர் சீட்டில், அவள் பக்கத்தில். மனசு லேசாக இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

முதல் வளைவு. சனிக்கிழமைப் பழக்கத்தில் கை தானாகக் குச்சியை எல்லுக்கு இழுத்துவிட்டது. எஞ்சின் உறுமியது.

அவள் சாலையைப் பார்த்தபடியே, சாதாரணமாகச் சொன்னாள்: "எல்-ல போட்டா கியர்பாக்ஸ் போயிருமுங்களே."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். குச்சியை டி-க்குத் தள்ளினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் பிரேக்தான். வளைவுக்கு வளைவு மிதித்தேன். எதிரே லாரி, பின்னால் பைக். பாதி மலை இறங்குவதற்குள் கருகிய நாற்றம் வந்தது. அவள் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அறுபதடிப் பாலம் தாண்டியதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.  எல்லுக்கு இழுத்து, கை பிரேக்கையும் தூக்கி, மலைப் பக்கத்துச் சுவரை உரசி ஒரு அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை.

 அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு இறங்கி, பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்குத்தானுங்க. நர்ஸுங்க தங்கற கட்டடத்துல ரூம் குடுத்திருக்காங்க. அங்கயே இருந்தா நேரத்துக்குப் போயிரலாம், தியேட்டர்லயே மறுபடி போடறேன்னுட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "குடை எடுக்கப் போன அன்னைக்கே யூசுப் பாய் சொல்லிட்டாருங்க. எல்-ல ஓட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீம்மா, எஞ்சின அணைச்சு எறக்கினதுதான் காரணம், யாரு ஓட்டறதுன்னு கேட்டதுக்கு உங்க வீட்டுக்காரர் நீங்கன்னு சொன்னாருன்னாரு. ஞாயித்துக்கெழமை நான் தூங்கறப்ப வண்டி உருள்றது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?  தெருமுனை வரைக்கும்தான் போறீங்க, மனசு தாங்காம தொட்டுப் பாக்கறீங்கன்னு நானும் உட்டுட்டேன். மலையில மயக்கம் வந்து உளுந்திருந்தா?"

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"மூணு தடவ கேட்டேனுங்க."

மேலிருந்து அரசு பஸ் கீழ்க் கியரில் உறுமிக்கொண்டே இறங்கி வந்தது. கை காட்டினாள். கண்டக்டர் தெரிந்தவர் போல, இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார். ஏறும் முன் திரும்பி, "மாத்திர டப்பாவுல ஞாயித்துக்கெழமை வரைக்கும் போட்டு வெச்சிருக்கேன். சாப்புட்டதும் போடுங்க. வண்டி நல்லா ஆறட்டும், அதுக்கப்புறம் எடுங்க" என்றாள். என் மேல் கோபம்கூட இல்லை அவளுக்கு. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புகை அடங்கும் வரை கல்லில் உட்கார்ந்திருந்தேன். பெடல் மறுபடி இறுகியதும் வண்டியைத் திருப்பி மெதுவாக வீட்டுக்கு வந்தேன். பழைய சோறு இருந்தது. மாத்திரை போட்டேன்.

கௌதமன் போன் செய்தான். அம்மா போனை எடுக்கவில்லையாம்.

"பஸ்ஸுல இருப்பா. சேலம் போயிருக்கா."

"பஸ்ஸா? ஏம்ப்பா, வண்டிதான் ரெடியாயிருச்சே, நீங்க கொண்டுபோய் விட வேண்டியதுதானே?"

"பிரேக்ல கோளாறு" என்றேன்.

அதுவும் பொய் இல்லை.